360 வெள்ளி வித்தியாசம்

43 வயதில் அவர் மீண்டும் மாணவியானார். பகலில் சரக்கு நிறுவனம் ஒன்றில் எழுத்தர் வேலை. வாரத்தில் மூன்று மாலைகள் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகப் பட்டப்படிப்பு. 40 வயதை எட்டிய சிங்கப்பூரர்களுக்கு 2024 மே மாதம் அரசாங்கம் வழங்கிய 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகை கட்டணத்துக்குக் கைகொடுத்தது. கணக்கியல் பாடம்தான் கைகொடுக்கவில்லை.

தேர்வுக்கு முன், சிராங்கூன் சாலையிலுள்ள வீரமாகாளியம்மன் கோயிலுக்கு வெள்ளிதோறும் தவறாமல் சென்றார். ஆயினும் தேர்ச்சி பெறவில்லை. அம்மன் தம்மைக் கைவிட்டதாக எண்ணி, அதன்பின் கோயில் பக்கமே போகவில்லை. வேண்டுதலுக்குச் செலவிட்ட நேரத்தில் பாதியைக்கூட அவர் பயிற்சிக்குச் செலவிடவில்லை என்பது வேறு கதை!

மறுதேர்வுக்குப் படித்த ஓர் இரவு, பற்றுக்கும் வரவுக்கும் இடையே 360 வெள்ளி இடித்தது. மணி பன்னிரண்டாகியும் பிழை பிடிபடவில்லை. உயர்நிலை மூன்றில் கணக்கியல் படிக்கும் மகனிடம் கேட்கக் கூச்சம். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“360, 9ஆல் வகுபடுகிறதே அம்மா! ஏதாவது ஓர் எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம். தேடிப் பாருங்கள்.”

இருவரும் வரிவரியாகத் தேடினார்கள். 5,840 என்பதை அவர் 5,480 என்று எழுதியிருந்தார். அவசரத்தில் செய்த பிழை. அன்றிலிருந்து தினமும் ஒரு கணக்கு, மகனுக்கு எதிர் நாற்காலியில்.

மறுதேர்வுக்கு முந்திய வெள்ளிக்கிழமை மீண்டும் கோயிலுக்குச் சென்றார். இம்முறை தேர்ச்சியைக் கேட்கவில்லை.

“பதறாமல் எழுத வேண்டும், தாயே.”

முடிவு இன்னும் வரவில்லை. அடுத்த பாடத்துக்கு அவர் பதிந்துகொண்டுவிட்டார்.