மாசி வீதியில் சித்திரைத் தேர்

இருபது வருஷமாக நான் எழுதுவதை யாரும் ஆசைப்பட்டுப் படித்ததில்லை. 'மேனுவல்' எழுதுகிற உத்தியோகம். அதுவும் சாஃப்ட்வேரைச் சோதிக்கிற சாஃப்ட்வேருக்கு! கல்யாண வீடுகளில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "கம்ப்யூட்டர்" என்று சொல்லிவிட்டுப் பந்திக்கு நழுவிவிடுவேன்.

போன வருஷம் எனக்கு ஒரு வாசகர் கிடைத்தார். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை விடாமல் படிக்கிறார். படித்தபடியே செய்கிறார். பெயர், ஏ.ஐ. ஏஜென்ட்.

"மனுசங்க படிக்கலைன்னு மெஷினுக்கு எழுதுறீகளாக்கும்?" என்றாள் என் மனைவி.

எல்.ஐ.சி. ஏஜென்ட் மாதிரி வீட்டுக்கு வர மாட்டார். வேலையைச் சொன்னால் தானே புரோகிராம் எழுதி, தானே டெஸ்ட் ஓட்டி, தோற்றால் திருத்தி மறுபடி ஓட்டுவார். கெட்டிக்காரர்தான். ஆனால் ஊருக்குப் புதுசு.

அதில்தான் சங்கடம். மதுரைக்குப் புதிதாக வந்தவரிடம், சித்திரைத் திருவிழாத் தேர் எங்கே ஓடும் என்று கேளுங்கள். சித்திரை வீதியில் என்பார். ஓடுவதோ மாசி வீதிகளில்! மாசியில் நடந்துகொண்டிருந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பார்கள். மாதம் மாறியது, வீதிப் பெயர் அப்படியே நின்றுவிட்டது. நமக்கு யாரும் எழுதிக் கொடுத்ததில்லை, தானாகத் தெரியும். புதுசாக வந்தவர் பெயரை நம்பி, காலி வீதியில் விசிறியோடு நிற்பார்.

கம்ப்யூட்டர் கருவிகளில் இந்த மாதிரி மாசி வீதிகள் ஏராளம். வெப்சைட்டைத் தானாக க்ளிக் செய்து சோதிக்கும் செலீனியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2004-ல் சிகாகோவில் ஜேசன் ஹக்கின்ஸ் ஆரம்பித்தது. (பாதரச விஷத்தை செலீனியம் முறிக்குமாம். போட்டிக் கம்பெனியின் பெயர் மெர்க்குரி. குறும்பு புரிகிறதா?) பைத்தானில் 'ஃபைண்ட் எலிமென்ட் பை ஐடி' என்று எழுதிக்கொண்டிருந்தோம். 2022-ல், 4.3 பதிப்பில், அதைத் தூக்கிவிட்டார்கள். ஆனால் இன்டர்நெட்டில் கிடக்கும் பழைய பாடங்களை யார் தூக்குவது? அவற்றைப் படித்து வளர்ந்த ஏ.ஐ.யும் பழையதையே எழுதியது. 'இது போய்விட்டது, இந்தப் பதிப்பிலிருந்து, இதற்குப் பதில் இது' என்று மூன்றையும் ஒரே இடத்தில் சொன்னால்தான் கேட்கும். 'தவிர்ப்பது நலம்' என்று மரியாதையாக எழுதினால் போச்சு.

இன்னொன்று, பைடெஸ்ட். ஓடி முடித்ததும் ஓர் எண்ணைத் தரும். 0 என்றால் எல்லாம் பாஸ். 1 என்றால் சிலது ஃபெயில். 5 என்றால் ஓட்டுவதற்கு ஒரு டெஸ்ட்டுமே அகப்படவில்லை. இந்த 5-ஐ மேனுவலில் கொட்டை எழுத்தில் போட வேண்டும் என்பது என் கட்சி. பரீட்சையே நடக்கவில்லை என்பதையும், யாரும் ஃபெயிலாகவில்லை என்பதையும் குழப்பிக்கொண்டால் என்ன ஆகும்?

அதற்காக எல்லாவற்றையும் கொட்டவும் கூடாது. 2024-ல் ஜெரமி ஹோவர்ட் என்பவர், வெப்சைட்டுகள் ஏ.ஐ.க்கென்று சின்னதாக ஒரு ஃபைல் வைக்கலாம் என்று யோசனை சொன்னார். ஓட்டல் வாசல் கரும்பலகை மாதிரி. நல்ல யோசனை.

எங்கள் கம்பெனிக் கருவியில் 'ரீசெட்' என்று ஒரு கட்டளை. (கம்பெனி பெயர் வேண்டாம், சம்பளம் வாங்க வேண்டும்.) டேட்டாபேஸைத் துடைத்துவிடும். எந்த டேட்டாபேஸை? எது இணைந்திருக்கிறதோ அதை! எனக்கு முந்தையவர், 'தேவைக்கேற்ப ரீசெட் செய்துகொள்ளவும்' என்று எழுதிவிட்டு வெளிநாடு போய்விட்டார். ஒரு மத்தியானம் ஏஜென்ட்டுக்குத் தேவை ஏற்பட்டது. உசிலம்பட்டியிலிருந்து தினம் ரெண்டு பஸ் மாறி வருகிற டெஸ்டிங் பெண் மூன்று வாரம் உட்கார்ந்து உண்டாக்கிய மாதிரிக் கணக்குகள் அத்தனையும் போயின.

அவள் அழவில்லை. மறுநாள் என் மேஜைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். "எழுதிக்கங்கண்ணே" என்று ஆரம்பித்தாள். எந்தக் கட்டளை பெயர் ஒன்று, செய்வது வேறு; எந்த டெஸ்ட் தனியாக ஓடினால் பாஸ், கூட்டத்தோடு ஓடினால் ஃபெயில்; எது மாசக் கடைசியில் மட்டும் தோற்கும். எந்த மேனுவலிலும் இல்லாத சமாச்சாரம். எல்லாம் அந்தப் பெண்ணின் தலைக்குள் இருந்தது.

"இதை நான் சேர்ந்த அன்னைக்கே யாராச்சும் குடுத்திருந்தா, ஆறு மாசம் வசவு வாங்கிருக்க மாட்டேண்ணே" என்றாள். பிறகு, "இம்புட்டையும் அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டா, அப்புறம் எங்களை எதுக்குண்ணே வச்சிருப்பாக?"

எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். கீழே தங்கை ஒருத்தி கல்லூரியில் படிக்கிறாள். டீ வரவழைத்தேன்.

இதுவரை முப்பத்தெட்டு பக்கம் ஆகியிருக்கிறது. பில்லிங் பகுதியில் ஒரு டெஸ்ட் திங்கட்கிழமை காலையில் மட்டும் ஏன் கவிழ்கிறது என்பது பாக்கி. காரணம் அவளுக்குத் தெரியும். ரெண்டு முறை கேட்டேன்.

"அது இருக்கட்டும்ணே" என்கிறாள். நானும் வற்புறுத்தவில்லை.