துடைப்பத்தின்மேல் பத்து நிமிடங்கள்

துடைப்பக் கட்டையைக் கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு ஓர் அருள்தந்தை புல்வெளியில் ஓடினார் என்று யாரேனும் நம்மிடம் கூறியிருந்தால், அன்னாருக்காக ஒரு செபமாலை சொல்லியிருப்போம். அந்த அருள்தந்தை நாமே என்பதை வாசகர்கள் முன் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2016ஆம் ஆண்டுக் கோடையில், விடுமுறையில் சென்ற பங்குத்தந்தை ஒருவருக்குப் பதிலாக, செர்மனியில் பிராங்க்பர்ட் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு பங்கில் சில வாரங்கள் பணியாற்றினோம். பீடச் சிறுவர்களைப் பயிற்றுவித்து வந்த கல்லூரி மாணவி ஒருத்தி, ஒரு ஞாயிறு காலை புருவத்தின்மேல் கட்டுடன் வந்தாள். என்ன நேர்ந்தது என்று வினவினோம். துடைப்பத்தின்மேல் ஓடுகையில் விழுந்துவிட்டதாகச் சொன்னாள். நமது செர்மன் மொழியறிவின் குறைபாடு என்றே முதலில் எண்ணினோம்.

ஜே. கே. ரோலிங் எழுதிய ஹாரி பாட்டர் கதைகளில், மந்திரவாதிச் சிறுவர்கள் துடைப்பத்தில் பறந்தபடி ஆடும் 'குவிடிச்' என்றோர் ஆட்டம் வருகிறது. அதைத் தரையில் ஆடினால் என்ன என்று அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்திலுள்ள மிடில்பெரி கல்லூரி மாணவர்கள் 2005ஆம் ஆண்டில் தொடங்கினார்களாம். விளையாட்டாய்த் தொடங்கியது விதிநூலும் நடுவர்களும் உடைய போட்டியாக வளர்ந்து, அவ்வாண்டு சூலையில் 21 நாடுகளின் அணிகள் உலகக் கோப்பைக்காகப் பிராங்க்பர்ட்டிலேயே கூடின. அதுவரை வென்றுவந்த அமெரிக்காவை ஆஸ்திரேலியா வீழ்த்தியது.

இதைக் கேட்டதும் நம் உள்ளத்தில் ஒரு முள் தைத்தது. காரணம் உண்டு. 2007ஆம் ஆண்டில், அப்போது நாம் இருந்த பங்கில், அந்நூல்கள் பேயின் பாடநூல்கள் என்று பீடத்தினின்று முழங்கியிருந்தோம். மறுவாரம் மறைக்கல்வி வகுப்பில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன், தன்னிடமிருந்த முதற்பாகத்தைத் தானே கொணர்ந்து நம் கையில் கொடுத்தான். அரபு நாட்டில் வேலைபார்த்த அவன் தந்தை அனுப்பியது அது. அழுதுகொண்டே கொடுத்தான். அவனது கீழ்ப்படிதலைப் பாராட்டி, ஒரு சுரூபத்தையும் அளித்து அனுப்பினோம். புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை, எரிக்கவுமில்லை. மூன்று பங்குகள் மாறியபோதும் அது நம் டிரங்குப் பெட்டியின் அடியில் கிடந்து உடன் வந்தது. ஒரு பக்கமேனும் நாம் படித்ததில்லை.

அம்மாணவியின் அழைப்பின் பேரில், ஒரு மாலை பயிற்சியைக் காணச் சென்றோம். துடைப்பம் என்று பெயரேயன்றி, அது ஒரு பிளாஸ்டிக் குழாய். அணிக்கு ஏழு பேர். ஆண்களும் பெண்களும் கலந்தே ஆடுகின்றனர். ஒரே பாலினத்தார் களத்தை நிரப்பிவிடாதபடி விதியில் உச்சவரம்பு உண்டு. இரு முனைகளிலும் வெவ்வேறு உயரத்தில் மும்மூன்று வளையங்கள். சிறிது காற்றிறக்கிய கைப்பந்தை எதிரணியின் வளையத்தினுள் செலுத்தினால் 10 புள்ளிகள். அப்பணியைச் செய்வோர் மூவர் 'சேசர்'. வளையம் காப்பவர் 'கீப்பர்'. வேறு பந்துகளால் எதிரிகளை எறிந்து தடுப்போர் இருவர் 'பீட்டர்'. (நம் இராயப்பர் அல்லர்!) கதையில் சிறகு முளைத்துப் பறக்கும் பொற்பந்து, இங்கே காலுறைக்குள் இட்ட டென்னிஸ் பந்தாகி, எவ்வணியையும் சேராத ஓட்டக்காரர் ஒருவரின் இடுப்பில் வால்போலத் தொங்குகிறது. அதைப் பறிக்கத் துரத்துபவர் 'சீக்கர்'. வயிறு வலிக்கச் சிரித்தோம் என்பதை மறைப்பானேன்?

அன்று ஓர் ஆள் குறைந்தது. எல்லாரும் நம்மையே நோக்கினர்.

நம் வீடுகளில் துடைப்பம் கதவுக்குப் பின்னால் ஒளிந்திருப்பது. அதனால் அடிபடுவதைக் காட்டிலும் பெரிய அவமானம் இல்லை. நம் குருமடத்தில் புனித மார்ட்டின் தெ போரஸ் கையில் துடைப்பத்துடன் நிற்கும் படத்தைப் பார்த்து வளர்ந்திருந்தும், அக்குழாயைக் கால்களுக்கிடையே வைக்க நமக்கு அரை நிமிடம் பிடித்தது. ஒரு கை குழாயிலேயே போய்விடுவதால் பந்தைப் பிடிக்க, எறிய, கீழே விழாமல் தடுக்க எல்லாவற்றிற்கும் மற்றொரு கையே கதி. ஆட்டத்தின் கடினம் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

பீட்டரின் பந்து மேலே பட்டுவிட்டால், குழாயினின்று இறங்கி, தன் அணியின் வளையம்வரை ஓடிச்சென்று அதைத் தொட்டு மீள வேண்டும். அன்று நடுவர் எவருமில்லை. பட்டவர்கள் தாமாகவே இறங்கினர். பத்து நிமிடங்கள் ஆடியிருப்போம். கையில் பந்து, எதிரே வளையம், காப்பவன் விலகி நிற்கிறான். அவ்வேளை நம் தோளில் ஏதோ உரசிற்று. உரசியது தெரிந்தது, தெரியாதவர்போல் நான்கு அடி ஓடினோம். திரும்பிப் பார்த்தால், பந்தை எறிந்த அந்த மாணவி வாளாவிருந்தாள். குற்றம் சாட்டவில்லை, நகைக்கவுமில்லை. வெறுமனே காத்திருந்தாள். பந்தை நழுவவிட்டு, இறங்கி, நம் வளையத்தை நோக்கி நடந்தோம். ஓட வலுவில்லை.

பின்னர் புல்லில் அமர்ந்து நீரருந்துகையில், கதைநூலைப் படித்திருக்கிறீர்களா என்று அவள் கேட்டாள். இல்லை என்றோம். "அப்படியா, தந்தையே" என்றதோடு நிறுத்திக்கொண்டாள்.

ஊர் திரும்பியதும் பெட்டியைத் திறந்து, அகராதியின் துணையுடன் அம்முதற்பாகத்தைப் படித்து முடித்தோம். அதிலுள்ள அனைத்தும் நமக்கு உவப்பானவை என்று சொல்ல மாட்டோம். பிள்ளைகளோடு அமர்ந்து பெற்றோரும் படிப்பது நலம் என்பதே இன்றும் நம் எண்ணம். ஆயினும் மகனைக் காக்கத் தாயொருத்தி உயிர்விட்டதன்மேல் கட்டப்பட்ட கதை அது. அதனைப் பேயின் பாடநூல் என்று முழங்கியவர் நாம்.

அந்த ஆட்டத்திற்குப் பெயரும் மாறிவிட்டது. திரைப்பட நிறுவனத்தின் வணிக உரிமை ஒருபுறம், நூலாசிரியையின் பொதுக் கருத்துக்களோடு உடன்பாடின்மை மறுபுறம் எனக் காரணங்கள் கூறி, 2022ஆம் ஆண்டில் 'குவாட்பால்' என்று மாற்றிக்கொண்டனர். குழாயை மட்டும் விடவில்லை.

சென்ற ஆண்டு பழைய பங்கின் திருவிழாத் திருப்பலிக்கு அழைக்கப்பட்டபோது புத்தகத்தையும் எடுத்துச் சென்றோம். சிறுவனின் தாய் இரு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார்.

"அவங்க அப்பா அனுப்பின கடைசிப் பார்சல் சாமி இது. பையன் ரொம்ப நாள் கேட்டுக்கிட்டே இருந்தான். சாமிகிட்ட போய்க் கேக்கக் கூடாதுன்னு நாந்தான் தடுத்திட்டேன்."

மகன் இப்போது பெங்களூரில் வேலைபார்க்கிறானாம். முகவரியை ஒரு தாளில் எழுதித் தந்தார். மூன்று முறை கடிதம் தொடங்கினோம். 'அன்புள்ள மகனுக்கு' என்பதற்கு அப்பால் இன்னும் எழுத்து நகரவில்லை.