ஆச்சியும் ஏ75.3-யும்

ஊருக்குப் போனா "என்ன வேலைய்யா பாக்க?"ன்னு கேப்பாங்க. "கம்ப்யூட்டர்ல"ன்னு சொல்லித் தப்பிச்சுக்குவேன். முழுசா விளக்கணும்னா களக்காடு பஸ் ஸ்டாண்டுலயே ரெண்டு பஸ்ஸை விட வேண்டியிருக்கும். இன்னிக்கு நீங்க மாட்டிக்கிட்டீங்க :-)

அமெரிக்க ஆஸ்பத்திரி பில் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போறதுக்கு முன்னாடி, அதுல போட்டிருக்கிற நோய் எண் சரியான்னு பாக்குற சாப்ட்வேர் எழுதுறோம். ஆமா, ஒவ்வொரு நோய்க்கும் ஒரு எண் உண்டு. ஐ.சி.டி-10னு பேரு. 1893-ல் பெர்த்தியோன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் சாவுக்கான காரணங்களை வரிசைப்படுத்தினதுல ஆரம்பிச்ச கதை. 1948-லிருந்து உலக சுகாதார நிறுவனம் பாத்துக்குது. ஐ.சி.டி-11 2022-லயே வந்தாச்சு, ஆனா நாங்க இன்னும் பத்துலதான் ஓட்டிட்டிருக்கோம்.

பாக்டீரியா பக்கம் வந்தா கொஞ்சம் தலை சுத்தும். டைபாய்டுன்னா ஏ01.00, ஒரே எண்ணுல நோயும் கிருமியும் அடக்கம். சிறுநீர்த் தொற்றுன்னா என்39.0, ஆனா கிருமி ஈ.கோலைன்னு தெரிஞ்சா கூடவே பி96.20-யும் போடணும்.

இதுல ஒரு வேடிக்கையான விதி இருக்கு. வெளிநோயாளி சீட்டுல டாக்டர் "டைபாய்டா இருக்கலாம்"னு எழுதினா, டைபாய்டு எண் போடக் கூடாது. ஆர்50.9, அதாவது காரணம் குறிப்பிடாத காய்ச்சல், அவ்வளவுதான். அதே ஆளை வார்டுல சேர்த்து, டிஸ்சார்ஜ் வரைக்கும் "இருக்கலாம்"தான்னா, இருக்குறதாவே வச்சு டைபாய்டு எண் போட்டுடலாம். இந்த விதியை நானே கோடு எழுதியிருக்கேன். ஒருநாளும் உறுத்தினதில்லை.

போன டிசம்பர்ல அம்மா போன் பண்ணினா.

"ஏய்யா, ஆச்சிக்கு ஒரு வாரமா காய்ச்சல் விடமாட்டேங்கு. டைபாய்டா இருக்கும்னு ஊசி போடுதாவ."

அன்னிக்கு ராத்திரியே ரயில் ஏறினேன். போய்ப் பாத்தா ஆச்சிக்கு மூச்சு வாங்குது, ஆளையே அடையாளம் தெரியலை. கார் பிடிச்சு பாளையங்கோட்டைக்குக் கொண்டு போனோம். அங்க டூட்டியில ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. சீட்டைப் பாத்துட்டு ஓரமா வச்சாங்க.

"ஆச்சி, தோட்டம் துரவுன்னு போவீங்களா?"

"போவாம? ஆட்டுக்குப் புல்லு யாரு அறுப்பா?"

உடனே என்னை வெளிய அனுப்பிட்டு ஆச்சியை உச்சி முதல் பாதம் வரை பாத்திருக்காங்க. இடுப்புல, பாவாடை நாடா கட்டுற இடத்துல, பீடி நெருப்பு பட்டமாதிரி ஒரு கருத்த பொருக்கு. வலியே இல்லையாம், அதான் யாருகிட்டயும் சொல்லலை. ஸ்க்ரப் டைபஸ். பேப்பர்ல உண்ணிக் காய்ச்சல்னு போடுவாங்களே, அது. புதர்லயும் புல்லுலயும் இருக்குற கண்ணுக்கே தெரியாத சிறு பூச்சியோட குஞ்சு கடிச்சு வர்றது. டைபாய்டுக்குப் போடுற ஊசி இதுக்குக் கேக்காது. டாக்ஸிசைக்ளின்தான் மருந்து. ரத்தப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்காம அன்னிக்கே ஆரம்பிச்சாங்க. மூணாம் நாள் ஆச்சி எழுந்து உக்காந்து "ஆட்டுக்குத் தண்ணி வச்சாளா?"ன்னு கேட்டா.

டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வந்ததும் பழக்க தோஷம், மனசுக்குள்ள எண் ஓடுச்சு: ஏ75.3. அந்தக் கிருமிக்கு 1995-லயே ஓரியன்ஷியான்னு பேரை மாத்திட்டாங்க, ஐ.சி.டி-10ல இன்னும் ரிக்கெட்சியாங்கிற பழைய பேருதான். ஆனா எண் சரி. முதல் சீட்டை என் சாப்ட்வேர்ல போட்டிருந்தா ஆர்50.9னு வந்திருக்கும். விதிப்படி அதுவும் சரிதான். பச்சை டிக் விழும்.

கார்ல திரும்பி வரும்போது அம்மா மெதுவா சொன்னா, "ஒங்க தாத்தாவுக்கும் இப்படித்தான்ல வந்துது."

2009 மழைக்காலம். எனக்கு பன்னெண்டு வயசு. பத்து நாள் காய்ச்சல், அப்புறம் மூச்சுத் திணறல், வீட்டுலயே போயிட்டாரு. அவரும் அதே வாழைத் தோட்டத்துக்குப் போனவர்தான். உடம்புல பொருக்கு இருந்துதான்னு யாரும் பாக்கலை. அதுவா, வேற எதுவுமான்னு இனி தெரியவும் போறதில்லை. "காய்ச்சல்ல போனாரு", அவ்வளவுதான் எங்க வீட்டுக் கணக்கு.

ஆபீஸ்ல டெஸ்ட் டேட்டா ஓட்டும்போது ஆர்50.9 வரிசை வரிசையாப் போகும். முன்னாடி நிமிந்துகூடப் பாக்க மாட்டேன். இப்ப ஒவ்வொண்ணுக்கும் தாத்தா ஞாபகம் வருது.

உங்க வீட்டுல தோட்டம், காடுன்னு போறவங்களுக்கு காய்ச்சல் நாலு நாளைக்கு மேல நின்னா, அப்படிப் போறாங்கங்கிறதை டாக்டர்கிட்ட சொல்லுங்க. அக்குள், இடுப்பு, தொடை இடுக்குல கருப்புப் பொருக்கு இருக்கான்னு பாருங்க. எல்லாருக்கும் இருக்காது. இருந்தா பாதி வேலை முடிஞ்சுது.

டிஸ்கி: நாங்க எழுதுற சாப்ட்வேருக்கும் ஸ்க்ரப்பர்னுதான் பேரு. அது பில்லைத் தேய்ச்சுக் கழுவுறது, இது புதர்க்காடு. ஆச்சிகிட்ட சொன்னேன். "ரெண்டும் வேண்டாம்லே, நீ புல்லு அறுக்க வா"ன்னுட்டா.