கருப்பட்டிக்கு ஆர்டர் குவிகிறது, பனையேற ஆளில்லை

உடன்குடியிலிருந்து குலசேகரன்பட்டினம் பக்கமாக விரியும் செம்மணல் தேரியில் பங்குனி முதல் ஆடி வரை பனைத்தொழிலின் பருவம். ஓலை வேய்ந்த காய்ச்சுக் குடிசையான விடிலிக்குள் பெண்கள் பதனீர் காய்ச்சுகிறார்கள். பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு முத்தை நசுக்கிப் போடுகிறார்கள். பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றி ஆறவிடுகிறார்கள். இந்தக் காட்சியை யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் பார்க்காதவர் இன்று குறைவு. பாகு கொதிப்பது கண்ணுக்கு அழகு, கேமராவுக்கு வசதி. அதைப் பார்த்துச் சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் வாட்ஸ்அப்பில் ஆர்டர் போடுகிறார்கள், கூரியரில் வாங்கிக்கொள்கிறார்கள். கைபேசி இந்தத் தொழிலைக் காப்பாற்றிவிட்டது என்ற பேச்சு இதிலிருந்துதான் கிளம்புகிறது. விடிலியை விட்டு மரத்தடிக்கு வந்தால் எனக்குப் படுவது வேறு. கைபேசி மாற்றியிருப்பது விற்பனையை மட்டும். உற்பத்தி பழைய அளவிலேயே, சொல்லப்போனால் அதற்கும் கீழே நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே விழுந்த இடைவெளியில்தான் வெள்ளைச் சர்க்கரை நுழைகிறது.

கணக்கு எளியது. ஒரு கிலோ கருப்பட்டிக்கு ஏறத்தாழ 8 முதல் 10 லிட்டர் பதனீர் வேண்டும். அதை இறக்க ஒருவர் காலில் தளைநாரும் இடுப்பில் அரிவாள் பெட்டியுமாக, ஏறுவதற்கு மரத்தில் சாய்க்கும் முருக்குத்தடியைத் தோளில் சுமந்துகொண்டு மரம் மரமாகப் போகவேண்டும். உச்சியில் பாளையை இடுக்கிப் பதப்படுத்தி, நாள் தவறாமல் மெல்லிய சீவலாகச் சீவி, கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவிக் கட்டவேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் பதனீர் புளித்துக் கள்ளாகிவிடும். அப்புறம் மதுவிலக்குச் சட்டம், காவல் நிலையம் என்று கதை வேறு பக்கம் போகும். ஒருநாள் சீவாமல் விட்டால் பாளை அடைத்துக்கொள்ளத் தொடங்கும். ஆகவே பருவம் முழுவதும் விடுப்பு என்பதே கிடையாது. மரமேறுவதைக் காட்டும் வீடியோக்களும் இருக்கின்றனவே என்று கேட்கலாம். இருக்கின்றன. அவற்றில் தெரிவது ஒரு மரம். தொழில் என்பது முப்பது நாற்பது மரம், அதுவும் அன்றாடம். புதிதாகப் பனை நட்டாலும் பாளை விட 15 ஆண்டுக்கு மேல் ஆகும். ஆயிரம் பேர் ஒரே இரவில் ஒரு வீடியோவைப் பார்த்து ஆளுக்கொரு கிலோ ஆர்டர் போட்டால், அந்த ஆயிரம் கிலோவைக் கொடுக்க மரத்துக்கும் வழியில்லை, மனிதருக்கும் வழியில்லை.

சர்க்கரைக்கு வழி உண்டு. பாகில் கலந்து காய்ச்சினால் கருப்பட்டி கெட்டியாக, பார்வையாக, மலிவாக வந்துவிடுகிறது. தண்ணீரில் கரைத்துப் பார், உடைத்து உள்ளே மினுமினுப்பு இருக்கிறதா பார் என்று கலப்படத்தைக் கண்டுபிடிக்க ஊடகங்களில் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். இவை அனுபவசாலியின் கண்ணுக்கு ஓரளவு உதவலாம், சான்றாகாது. காரணம், பதனீரின் இனிப்பும் பெரும்பாலும் சுக்ரோஸ்தான், கரும்புச் சர்க்கரையும் சுக்ரோஸ்தான். கரும்பும் பனையும் ஒளிச்சேர்க்கை செய்யும் வழி வேறு என்பதால் கார்பன் ஐசோடோப்பு விகிதத்தை வைத்துப் பிரித்தறிய இடமுண்டு. ஆனால் அது பெரிய ஆய்வகத்தின் வேலை, அடுக்களைத் தம்ளரில் நடப்பதல்ல. இதே வேதியியல் இன்னொரு பிரச்சாரத்தையும் கவிழ்க்கிறது. நீரிழிவுக்காரர்கள் தாராளமாகச் சாப்பிடலாம் என்று கருப்பட்டியை விற்பவர்கள், சில தாதுக்களைக் காட்டி மீதி முழுவதையும் மறைக்கிறார்கள். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நல்லதுதான். பெயரை யார் பயன்படுத்தலாம் என்பதை அது வரையறுக்கும். சட்டிக்குள் என்ன விழுகிறது என்பதை ஒவ்வொரு விடிலியிலும் போய் அது பார்க்கப்போவதில்லை.

இடைத்தரகரை ஒதுக்கிவிட்டு நேரடியாக விற்கும் பனையேறிகள் இருக்கிறார்களே, அது மாற்றமில்லையா என்பது நியாயமான கேள்வி. மாற்றம்தான். வீட்டில் படித்த பிள்ளையும், வங்கிக் கணக்கும், கூரியர் அலுவலகமும் பக்கத்தில் இருக்கிற குடும்பங்களுக்குக் கூடுதல் விலை கிடைக்கிறது. அதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் பருவம் சில மாதம், வாங்குபவருக்கோ ஆண்டு முழுவதும் கருப்பட்டி வேண்டும். ஈரக்காற்றுப் பட்டால் கசியும் சரக்கை ஐப்பசி மழை தாண்டி வைத்திருக்க இடம் வேண்டும், அதுவரை சாப்பிடப் பணம் வேண்டும். பருவத்துக்கு முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் சரக்கை அவரிடமே கொடுக்கவேண்டியிருக்கிறது. அந்தப் பனையேறிக்கு இன்ஸ்டாகிராம் கணக்கு இருந்தென்ன, விலை ஏறும் மாதத்தில் கையில் கருப்பட்டி இல்லையே. இணையத்தில் உயரும் விலை கிட்டங்கி வைத்திருப்பவருக்குத்தான் முழுதாகப் போய்ச் சேருகிறது.

இயந்திரம் வந்தால் ஆள் பஞ்சம் தீரும் என்பது அடுத்த வாதம். பனையேறும் கருவி கண்டுபிடிப்பவருக்கு விருது என்று 2021 வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே தமிழக அரசு அறிவித்தது. அதே அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகள் விநியோகிக்கும் திட்டமும் இருந்தது. கருவி ஆளை உச்சிவரை கொண்டுபோகலாம். அங்கே கருக்கு மட்டைகளுக்கு நடுவே நுழைந்து, எட்டாத பாளையை எட்டிப் பிடித்துச் சீவுவது கைவேலை. ஒரு மரத்தில் மாட்டி, கழற்றி, மணலில் சுமந்து அடுத்த மரத்தில் மாட்டுவதற்குள் பழகிய பனையேறி இரண்டு மூன்று மரம் முடித்திருப்பார். தென்னையில் ஓரளவு பலித்தது பனையில் பலிக்காததற்குக் காரணம் எளிது. தேங்காய் பறிக்க ஓரிரு மாதத்துக்கு ஒருமுறை ஏறினால் போதும், பாளை சீவ அன்றாடம் ஏறவேண்டும். பாதுகாப்புக்காக மட்டும் பார்த்தால் கருவி தேவைதான், தவறி விழுந்தவர்களின் கதை இல்லாத பனையேறி ஊர் இல்லை. அதற்காக உற்பத்தி பெருகும் என்று எதிர்பார்ப்பது வேறு.

கைபேசியால் ஆகக்கூடிய உருப்படியான காரியம், என் கணக்கில், விளம்பரமல்ல, முன்பணம். வாங்குபவர்கள் இருபது முப்பது பேர் சேர்ந்து மாசியிலேயே ஒரு பனையேறிக் குடும்பத்துக்குப் பணம் அனுப்பி, ஆடியில் கருப்பட்டி பெற்றுக்கொண்டால் வியாபாரியின் பிடி தளரும், சேமித்து வைக்கும் பாரமும் பல வீடுகளுக்குப் பிரிந்துவிடும். அந்தக் குடும்பத்தின் மரங்கள் எத்தனை, அதிகபட்சம் எவ்வளவு தரமுடியும் என்பது தெரிந்திருந்தால் சர்க்கரை கலக்கவேண்டிய அவசரமும் குறையும். இதற்கு நகரத்துக்காரர்கள் ஒன்றுக்கு ஒப்புக்கொள்ளவேண்டும்: நடுப்பருவத்தில் மழை விழுந்து பதனீர் குறைந்துபோனால் பத்துக் கிலோவுக்குக் கொடுத்த பணத்துக்கு ஆறு கிலோதான் வரும். மீதியைத் திருப்பிக் கேட்காமல் அடுத்த மாசிக்கும் பணம் அனுப்புவார்களா என்பதில்தான் இந்த ஏற்பாடு நிற்பதும் விழுவதும் இருக்கிறது.