உப்பு வழியே வடகடலுக்கு

திங்கள், லூனெபுர்க்

ஹனோவரில் ஃபோக்ஸ்வாகன் ஆலை 1956 முதல் வேன் செய்துவருகிறது. அங்கே பிறந்த வண்டி ஒன்றில், அதே ஊரில் வாழும் ஓய்வுபெற்ற தம்பதி ஜூன் தொடக்கத்தில் வடக்கே கிளம்பினார்கள். பின்பக்கம் மடக்குக் கட்டில், சின்ன அடுப்பு, தண்ணீர்த் தொட்டி. வரைபடத்தில் நான்கு இடங்களுக்கு மட்டும் வட்டம் போட்டிருந்தது: லூனெபுர்க், லூபெக், ஹூசும், கடைசியில் ஸில்ட் தீவு. இடையில் எங்கே நிற்பது, எங்கே உறங்குவது என்று எதுவும் முடிவாகவில்லை.

லூனெபுர்க் உப்பால் வாழ்ந்த ஊர். 956-ஆம் ஆண்டு ஆவணத்திலேயே அதன் உப்பளம் பேசப்படுகிறது. நிலத்தடியிலிருந்து உப்புநீரை இறைத்துக் காய்ச்சி ஆயிரம் ஆண்டுக்கு மேல் விற்றார்கள். 1980-இல் ஆலை மூடப்பட்டது. உப்பு போன வெற்றிடத்துக்குள் ஊரின் ஒரு பகுதி மெல்லத் தாழ்ந்துகொண்டே இருக்கிறது. பழைய நகரின் மேற்குத் தெருக்களில் சில வீடுகளின் செங்கல் சுவர்கள் வயிறு தள்ளி நிற்கின்றன. கதவு நிலைகள் கோணியிருக்கின்றன. அவற்றில் ஆட்கள் குடியிருக்கிறார்கள், சன்னலில் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள். மனைவி அந்தத் தெருவை மட்டும் மூன்று முறை நடந்து பார்த்தார்.

செவ்வாய், ஷார்னெபெக்

லூபெக்குக்கு நேராகப் போயிருக்கலாம். ஊர் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் வயல்களுக்கு நடுவே காங்கிரீட் கோபுரங்கள் தெரிந்தன. கணவர் கேட்காமலே வண்டியைத் திருப்பினார்.

அது கப்பல்களைத் தூக்கும் இடம். எல்பே நதியிலிருந்து கிளம்பும் கால்வாய் இங்கே 38 மீட்டர் உயரம் ஏற வேண்டும். நூறு மீட்டர் நீளத் தொட்டியில் தண்ணீரோடு சரக்குப் படகு நுழைகிறது, கதவு மூடுகிறது, தொட்டி அப்படியே மேலே போகிறது. சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. 1970-களில் கட்டியபோது உலகிலேயே பெரிய கப்பல்தூக்கி இதுதான். இதில் மனதைக் கவர்வது அதன் எளிமை. படகு உள்ளே வரும்போது தன் எடைக்குச் சமமான தண்ணீரை வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே படகு இருந்தாலும் இல்லாவிட்டாலும் தொட்டியின் எடை ஒன்றே. மறுபக்கம் தொங்கும் எடைக்கட்டைகள் அதைச் சமன் செய்துவிடுவதால் மோட்டாருக்கு அதிக வேலை இல்லை. ஆர்க்கிமிடீஸ் கண்டதைப் பள்ளிப் புத்தகத்தில் படித்தவர்கள், அது ஆயிரக்கணக்கான டன்னாக அசைவதை இங்கே நின்று பார்க்கலாம். மதியச் சாப்பாட்டை அவர்கள் பார்வையாளர் மேட்டிலேயே முடித்தார்கள்.

செவ்வாய் இரவு, மொல்ன்

ஏரிக்கரை ஊர். கோமாளி டில் ஆய்லன்ஷ்பீகல் 1350-இல் இங்கே இறந்ததாக மரபு சொல்கிறது. மழை. சீக்கிரம் உறக்கம்.

புதன், லூபெக்

லூனெபுர்க் உப்பு எங்கே போனது என்பதற்கு விடை லூபெக்கில் இருக்கிறது. ஸ்டெக்னிட்ஸ் கால்வாய் 1398-இல் திறந்தது. எல்பே நதிப் பக்கமிருந்து உப்புப் படகுகள் மேட்டைக் கடந்து பால்டிக் பக்கம் இறங்கின. அங்கிருந்து உப்பு ஸ்காண்டிநேவியாவின் மீன்பிடிக் கரைகளுக்குப் போனது. உப்பில்லாமல் ஹெர்ரிங் மீன் சில நாளில் கெட்டுவிடும். உப்பிட்டுப் பீப்பாயில் அடைத்தால் கண்டம் முழுக்கப் பயணம் போகும். நோன்பு நாட்களில் இறைச்சி விலக்கிய கிறிஸ்தவ ஐரோப்பாவுக்கு அந்த மீன் வேண்டியிருந்தது. வணிக நகரங்களின் கூட்டமைப்பான ஹன்சாவின் வணிகர்களுடைய செல்வத்தில் பெரும்பங்கு இப்படித்தான் சேர்ந்தது. டிராவே நதிக்கரையில் வரிசையாக நிற்கும் உப்புக் கிடங்குகளையும், பக்கத்தில் தன் எடை தாங்காமல் சாய்ந்திருக்கும் ஹோல்ஸ்டன் வாயிலையும் பார்க்கிறவர்கள், முந்தைய ஊரில் சாய்ந்த வீடுகளைப் பார்த்திருந்தால் ஒரே வணிகத்தின் இரு முனைகளையும் தொட்டதாக உணர்வார்கள்.

மரியா தேவாலயத்தில் தம்பதி அதிக நேரம் இருந்தார்கள். 1942-இல் குருத்தோலை ஞாயிறை ஒட்டிய இரவில் நடந்த குண்டுவீச்சில் கோபுரம் எரிந்து மணிகள் கீழே விழுந்தன. விழுந்து நொறுங்கிய மணிகளை எடுக்காமல் அதே தரையில் விட்டுவைத்திருக்கிறார்கள். இந்த முடிவை எடுத்தவர்கள் போற்றத்தக்கவர்கள். புதுப்பித்த கட்டடத்துக்குள் ஒரு மூலையைப் புதுப்பிக்காமல் வைப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

வெளியே வந்ததும் ரொட்டிக்குள் மாத்யெஸ், அதாவது இளம் ஹெர்ரிங், வெங்காயத்தோடு. ஜூன் அதற்கான பருவம்.

வியாழன், ரென்ட்ஸ்புர்க்

ஹூசும் போகும் வழியில் கீல் கால்வாய் குறுக்கிட்டது. 1895-இல் திறந்த இது, வடகடலையும் பால்டிக்கையும் சுமார் 98 கிலோமீட்டரில் இணைக்கிறது. டென்மார்க்கைச் சுற்ற வேண்டிய கப்பல்களுக்குக் குறுக்குவழி. பாலத்தில் ஏறிக் கடந்துவிடலாம். ஆனால் கரையில் ஒரு ஃபெரி காத்திருந்தது, இவர்களும் வரிசையில் சேர்ந்தார்கள். கட்டணம் கேட்க யாரும் வரவில்லை. கால்வாய் வெட்டியபோது கிராமங்களுக்கு இடையில் இருந்த பாதைகள் அறுந்தன. அறுத்த அரசே கடந்துபோகும் வசதியை இலவசமாகத் தர வேண்டும் என்று அன்று ஏற்பட்ட ஏற்பாடு இன்றும் நடக்கிறது. பேரரசு போய், குடியரசு வந்து, நாடு பிரிந்து சேர்ந்தும் டிராக்டரும் சைக்கிளும் கேம்பர்வேனும் காசில்லாமல் அக்கரை சேர்கின்றன.

ரென்ட்ஸ்புர்க்கின் ரயில் பாலம் 1913-இல் முடிந்தது. கீழே கப்பல் போக 42 மீட்டர் இடைவெளி விட வேண்டும்; ரயில் நிலையமோ தரையில், பக்கத்திலேயே. அதனால் தண்டவாளம் வீடுகளுக்கு மேலே பெரிய வளையமாகச் சுற்றி உயரம் ஏறுகிறது. பாலத்துக்கு அடியில் கம்பிகளில் ஒரு மேடை தொங்கி, மனிதர்களையும் வண்டிகளையும் கரை மாற்றுகிறது. 2016-இல் ஒரு கப்பலில் மோதிச் சிதைந்த பழைய மேடைக்குப் பதிலாக 2022-இல் புதியது வந்தது.

அன்று அவர்கள் ஹூசும் சேரவில்லை. கால்வாய்க் கரையிலேயே கேம்பர் நிறுத்தம் இருந்தது. ஜெர்மன் ஊர்கள் பலவற்றில் இப்படி ஒன்று உண்டு: குறைந்த கட்டணம், காசு போட்டால் தண்ணீர், மின்சாரம், கழிவுநீர் ஊற்றத் தனித் தொட்டி. சாலையோரத்திலும் ஓர் இரவு உறங்கச் சட்டம் இடம் தருகிறது, ஓட்டுநர் களைப்பாறுவதற்காக. வெளியே நாற்காலி போட்டுக் கூடாரம் விரித்தால் அது முகாமாகிவிடும். நினைத்த இடத்தில் நிற்கும் சுதந்திரத்துக்கு வண்டி மட்டும் போதாது. முன்பே யோசித்து வைத்த ஊராட்சிகளும் வேண்டும். இரவு பத்து மணி வெளிச்சத்தில் சரக்குக் கப்பல்கள் சன்னலோரமாகப் போயின.

வெள்ளி, பெர்கன்ஹூசன்

கூரைக்குக் கூரை செங்கால் நாரைக் கூடு. சுற்றிலும் ஈரப் புல்வெளி, தவளையும் பூச்சியும் ஏராளம். நாபு என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு இங்கே ஆய்வு மையம் நடத்துகிறது. குஞ்சுகள் தலை நீட்டியிருந்தன. கோடை முடிவதற்குள் ஆப்பிரிக்கா கிளம்ப வேண்டியவை.

சனி, ஹூசும்

எழுத்தாளர் தியோடோர் ஷ்டோர்ம் 1817-இல் பிறந்த துறைமுக ஊர். கடல் வற்றினால் படகுகள் சேற்றில் அமர்ந்துவிடுகின்றன. இந்தச் சேற்றுவெளி 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. 1362 ஜனவரியில் இங்கே பெரும் புயல்வெள்ளம் ருங்ஹோல்ட் என்ற வணிக ஊரை விழுங்கியது. அது வெறும் கதைதானோ என்று பலர் ஐயப்பட்டதுண்டு. 2023-இல் ஆய்வாளர்கள் ஸூட்ஃபால் சிறுதீவு அருகே, சேற்றுக்கடியில், ஒரு பெரிய தேவாலயத்தின் அடித்தளத்தைக் கண்டறிந்ததாக அறிவித்தார்கள்.

ஞாயிறு, ஹவ்க்கே ஹையன் கோக்

ஸில்ட்டுக்கு வண்டியை ரயிலில் ஏற்ற நீபுல் போக வேண்டும். வழியில் ஒரு பெயர்ப்பலகை மனைவியை நிறுத்தச் சொல்ல வைத்தது. ஹவ்க்கே ஹையன், ஷ்டோர்ம் 1888-இல் எழுதிய 'வெண்குதிரை வீரன்' குறுநாவலின் நாயகன். கடலணையின் சரிவைச் சாய்வாக அமைத்தால் அலை அதன்மேல் ஏறித் தளர்ந்துவிடும் என்று கணக்குப் போட்டவன். ஊரின் பகையைச் சம்பாதித்தவன். 1950-களின் இறுதியில் கடலிடமிருந்து மீட்ட இந்த நிலத்துக்கு அந்தக் கற்பனை மனிதனின் பெயரை வைத்திருக்கிறார்கள். இன்றைய அணைகளும் கடல் பக்கம் நீண்ட சரிவோடுதான் இருக்கின்றன. அதன்மேல் ஆடுகள் மேய்கின்றன. புல்லைக் கத்தரித்து, மண்ணைக் குளம்பால் இறுக்கி, அணையைக் காப்பதும் அவைதான்.

அணைக்கு உள்ளே அகன்ற நீர்த்தேக்கங்கள். கடல் ஏறியிருக்கும்போது நிலத்து வெள்ளம் வெளியேற முடியாது. மதகு மூடியிருக்கும் நேரமெல்லாம் அந்தத் தண்ணீர் இங்கே தங்கிக் கடல் இறங்கியதும் வெளியேறுகிறது. பொறியாளர்கள் வெள்ளத்துக்காக ஒதுக்கிய இடத்தைப் பறவைகள் தமதாக்கிக்கொண்டன. வளைந்த அலகுடைய உள்ளான்கள் கரையெங்கும் இரை தேடிக்கொண்டிருந்தன. கணவர் தொலைநோக்கியை எடுத்து வந்தார். ஸில்ட் ரயிலை அடுத்த நாளுக்குத் தள்ளிவைத்தார்கள்.