கறுப்பு வழி

அப்பா ரங்கூனில் ஓர் அரிசி ஆலையில் எடை போடும் வேலை பார்த்தார். வெள்ளைக்காரக் கம்பெனி ஆலை. சுவருக்கு வெளியே உமி மலையாகக் குவிந்து இரவும் பகலும் புகைந்துகொண்டிருக்கும். அந்த உமிப்புகை வாசம்தான் எனக்குப் பிறந்த ஊர் வாசம். எங்கள் ராமநாதபுரத்துக் கிராமத்தை நான் அப்போது கண்ணால் கண்டதில்லை. ரங்கூன் ஜனங்களில் பாதிக்கு மேல் அப்போது இந்தியர்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கத் தெலுங்கர்கள், ஆலையிலும் கடையிலும் வயலிலும் நம்மவர்கள், மொகல் தெருவில் செட்டியார்களின் வட்டிக்கடைகள்.

பர்மாக்காரர்களுக்கு எங்கள் மேல் கோபம் உண்டு. காரணமில்லாத கோபம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1930இல் நெல் விலை விழுந்த பிறகு, கடன் கட்ட முடியாத குடியானவர்களின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. சில வருஷத்தில் கீழ்ப் பர்மா நெல்வயலில் கால் பங்கு அவர்களிடம். ஆட்சி செய்தவர்கள் எட்டாத உயரத்தில் இருந்தார்கள். கண்ணெதிரே இருந்தவர்கள் நாங்கள். ஆனாலும் நாங்கள் கிளம்பிய அன்று, பக்கத்து வீட்டு பர்மாக்காரம்மா வறுத்த அரிசியும் கருவாடும் மூட்டையாகக் கட்டி அம்மாவிடம் கொடுத்தார். எனக்குக் கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து பூசிவிட்டார். அவர் விரல்கள் நடுங்கின. தனக்காவின் குளுமை இப்போதும் கன்னத்தில் தெரிகிறது.

1941 டிசம்பர் 23. ஜப்பான்காரர்களின் விமானச் சத்தம் கேட்டதும் ஜனங்கள் ஒளியவில்லை, வேடிக்கை பார்க்கத் தெருவுக்கு ஓடினார்கள். குண்டு விழுந்தது. அம்மா என் தலையை மடியில் அமுக்கிக்கொண்டாள். பிறகு ஓட்டம். புரோம் பக்கம் கால்நடையாகப் போனோம், துறைமுகத்துக்கும் ஆலைக்கும் ஆள் வேண்டும் என்று பாதியில் திருப்பிவிட்டார்கள், திரும்பினோம், கப்பலுக்கு அலைந்தோம், டெக் டிக்கெட்டுக்குக் காசு இருந்தும் டிக்கெட் இல்லை, ரயிலில் தொங்கிக்கொண்டு மாந்தலே போய்ச் சேர்ந்தோம், அங்கே முகாமில் காலரா, ஏப்ரலில் அங்கேயும் குண்டு, ஊரே பற்றி எரிந்தது. மோனிவாவில் படகு பிடித்துச் சிண்ட்வின் ஆற்றில் கலேவா வரை. அதற்கப்புறம் நடைதான்.

கூட வந்தவர் ஒரு தெலுங்கர், துறைமுகக் கூலி. மாமா என்றுதான் கூப்பிடுவோம். மாந்தலே முகாமில் தம்பிக்குக் காய்ச்சல் வந்தபோது, யாரும் கேட்காமலே அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். “மூட்டைதானேம்மா, பழக்கம்” என்று அம்மாவிடம் சொன்னார். காபோ பள்ளத்தாக்கில் புழுதி கணுக்கால் வரை வரும். தேக்கு மரங்களுக்கு அடியில் உட்கார்ந்தபடியே செத்தவர்கள். குட்டைத் தண்ணீரை அம்மா முந்தானையில் வடிகட்டுவாள்; வடிகட்டிய பிறகும் அது பழுப்பாகவே இருக்கும்.

தமுவில்தான் பிரித்தார்கள். வெள்ளைக்காரர்களுக்கும் ஆங்கிலோ இந்தியச் சட்டைக்காரர்களுக்கும் ஒரு வழி, மற்றவர்களுக்கு வேறு வழி. வெள்ளை வழி, கறுப்பு வழி என்று ஜனங்களே பேர் வைத்துவிட்டார்கள். எங்களைக் கொண்டுவந்து குடிவைத்த சர்க்கார், ஓடுகிற நேரத்திலும் தோலைப் பார்த்தது. காங்கிரஸ் அதைக் கண்டித்தது என்று வளர்ந்த பிறகு படித்தேன். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தப் பக்கத்திலிருந்து வந்த ரொட்டி வாசம்.

மாமாவுக்கு வாந்தி தொடங்கியது அங்கேதான். விடியும் முன்பே முடிந்துவிட்டது. அம்மா தன்னிடமிருந்த மாற்றுப் புடவையை அவர் மேல் போர்த்தினாள். புதைக்க நேரமில்லை, பின்னால் கூட்டம் நெருக்கியது. அன்று முதல் தம்பியை அப்பா சுமந்தார்.

தமுவுக்கு இந்தப் பக்கம், மணிப்பூரில், மோரே என்ற ஊர் இருக்கிறது. 1960களில் பர்மாவிலிருந்து விரட்டப்பட்ட தமிழர்கள், மறுபடி பர்மாவுக்கே போய்விடலாம் என்று வந்து, எல்லையில் தடுக்கப்பட்டு, மோரேயிலேயே தங்கிவிட்டார்கள். அங்காளபரமேஸ்வரிக்குக் கோயில் கட்டியிருக்கிறார்கள். பேத்தி போனில் படம் காட்டினாள். கோபுரத்தை அவள் பெரிதாக்கினாள். நான் பின்னால் தெரிந்த மலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாங்கள் நடந்து வந்த அந்த வருஷம் பர்மாவிலிருந்து வந்த இந்தியர்கள் சுமார் ஐந்து லட்சம் என்கிறார்கள். வழியில் செத்தவர்களுக்கு ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். பத்தாயிரம் என்பவர் உண்டு, ஐம்பதாயிரத்துக்கு மேல் என்பவரும் உண்டு. எந்தக் கணக்கிலும் மாமா பேர் இருக்காது. எனக்கும் அவர் பேர் தெரியாது. அதனால் தெரிந்ததை எழுதிவைக்கிறேன். விசாகப்பட்டினம் பக்கத்துக்காரர். நல்ல உயரம். முன்பல் ஒன்று இல்லை. வலது தோளில் மூட்டை தூக்கிக் காய்த்த தழும்பு. தம்பிக்கு உறுத்தும் என்று அவனை இடது தோளில்தான் போட்டுக்கொள்வார். ஊரில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருப்பதாகச் சொன்னார். சின்னவளை அவர் பார்த்ததில்லை.