பாகவதரும் பஞ்சும்

பி.காம். படித்தவனுக்கு கெமிஸ்ட்ரி எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் வேளாங்கண்ணி வீட்டுக்கு வரலாம்.

2018 நவம்பர் 16. கஜா புயல் கூரை ஓடுகளைப் பிய்த்துக்கொண்டு போனதில், கிராமபோன் தட்டுகள் இருந்த டிரங்குப் பெட்டிக்குள் மழை. சில நாள் கழித்துத் திறந்தால் தட்டெல்லாம் பூஞ்சை. சாவி முடுக்கி, முள்ளை வைத்தால் பாகவதர் பாடவில்லை, காறினார். 1944-ல் வந்து மூணு தீபாவளி கண்ட 'ஹரிதாஸ்' பாட்டு சார் அது! தாத்தா வாங்கியது. அப்பா முகம் தொங்கிவிட்டது.

"நான் ரிப்பேர் பண்றேம்ப்பா" என்றேன். மருந்துக்கடை ஸ்பிரிட்டைப் பஞ்சில் நனைத்து அழுத்தித் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வரவர ஒரே உற்சாகம். அடேயப்பா, எவ்வளவு அழுக்கு!

கதவு சரிபண்ண வந்த ஆசாரி எட்டிப் பார்த்தார். "தம்பி, அது அரக்குத் தட்டாச்சே? பாலிஷுக்கு நாங்க அரக்கை ஸ்பிரிட்லதானே கரைக்கிறோம்!"

நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றுகிற அந்தக் காலத்துத் தட்டு, அரக்கும் கல்பொடியும் கலந்து செய்தது. ஆக, நான் துடைத்தது அழுக்கை இல்லை, பாட்டை.

மறுபக்கத்தை ஒழுங்காகச் செய்தேன். ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீர், மெல்லிய துணி, கோடு ஓடுகிற திசையிலேயே. நடு லேபிள் நனையாமல் உடனே ஒற்றி, நிழலில் காயவைத்து, புது முள். (தேய்ந்த முள் தட்டை உழுதுவிடும்.) பாகவதர் மூணு நிமிஷம் பாடினார்!

கண்ணை மூடிக் கேட்ட அப்பா, "அந்தப் பக்கத்தையும் போடுடா" என்றார்.

"இன்னும் கரண்ட் வரலப்பா."

"சாவி முடுக்குறதுக்கு எதுக்குடா கரண்ட்?"